அடைத்த கடனுக்கு ஆள் வந்து நின்றால்: வேலந்தாவளத்துத் தம்பிக்கு ஒரு பதில்

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பொள்ளாச்சியில் ஒரு ஃபைனான்ஸில் பைக் கடன் வாங்கியிருக்கிறார். 24 தவணை, முதல் தவணை 2019 அக்டோபர், கடைசித் தவணை 2021 டிசம்பர். எல்லாம் கட்டியாயிற்று, ஆனால் பாக்கி இல்லை என்று கம்பெனி தரும் சான்றான என்.ஓ.சி. வாங்கவில்லை. இப்போது யாரோ ஒரு ஏஜென்சி பெயரைச் சொல்லி 18,400 ரூபாய் பாக்கி என்று தினமும் போன். போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள். பக்கத்து மளிகைக்கடைக்காரருக்கும் போன் செய்திருக்கிறார்கள். "5,000 கட்டுங்க, முடிச்சு விட்டுடறோம்" என்கிறார்களாம். கொடுத்துத் தொலைத்துவிடலாமா, போலீசுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொல்லை உங்களுக்கு மட்டுமில்லை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. நாம் கேரளத்தில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டில் கடன் வாங்குகிற ஆட்கள். வசூலுக்கு வருகிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும். "இவன் எங்கே போய்ப் பிராது கொடுப்பான்" என்ற தைரியத்தில்தான் வருகிறான்.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும். உண்மையைச் சொன்னால், அடைத்த கடனுக்கு நானே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்.

தென்னந்தோப்புக்காரப் பெரியவர் ஒருவர். பயிர்க்கடன் வாங்கியிருந்தார். கணினி பட்டியலில் அவர் பெயருக்கு நேராகப் பாக்கி காட்டியது, நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மஞ்சள் பையோடு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்குள்ளிருந்து ரேஷன் கார்டு கவர் ஒன்றை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த சலான்களை ஒவ்வொன்றாக நீவி என் மேஜையில் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, "கூட்டிப் பாருங்க சார்" என்றார். கூட்டினேன். காசு சரியாக இருந்தது. கடைசி சலானில் கணக்கு எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்ததால் பணம் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது யாருடையது என்று தெரியாத பணத்தைப் போட்டுவைக்கும் கணக்கில், போய் உட்கார்ந்திருந்தது. எழுதியது எங்கள் கவுன்டர் ஆள்தான். அவர் அந்தத் துண்டுக் காகிதங்களை வைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். நான் அவரை நம்பியிருக்க மாட்டேன் என்பதுதான் பதில்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பணம் கட்டுவது ஒரு வேலை, கணக்கை முடிப்பது இன்னொரு வேலை. நம் ஆட்கள் முதல் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கணக்கு சிஸ்டத்தில் உயிரோடு இருந்தால், அதில் எழுபது ரூபாய் மிச்சமிருந்தாலும் அபராதம் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 2019 அக்டோபரில் தொடங்கிய 24 தவணை 2021 செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் டிசம்பர் என்கிறீர்கள். மூன்று மாதம் தள்ளியிருக்கிறது. அந்த மூன்று மாதம் 2020 லாக்டவுனில் கட்டாமல் விட்டதுதானே? ரிசர்வ் வங்கி அப்போது மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது. தள்ளிவைக்கத்தான் சொன்னார்கள், வட்டியை விடச் சொல்லவில்லை. அந்த மாதங்களுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாம் தவணையை எண்ணிக் கட்டுவோம், 24 ஆனதும் முடிந்தது என்று நினைப்போம். அவர்கள் கணக்கில் அந்த வட்டி மட்டும் வாலாக நிற்கும். நாற்பத்தேழாயிரம் பாக்கியிருந்த கடனுக்கு வருடம் 22 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாத வட்டி 2,600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது நாலு வருடத்தில் 18,400 ஆனது எப்படி என்றுதான் அவர்களைக் கேட்க வேண்டும். அபராதம், 'விசிட் சார்ஜ்', அதன்மேல் ஜி.எஸ்.டி., அப்புறம் அபராதத்துக்கும் வட்டி என்று ஏற்றியிருப்பார்கள். அபராதத் தொகையின் மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லி, 2024-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு வழியிலும் இது நடந்திருக்கலாம். அந்த மாதங்களில் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லாச் சோதனைச் சாவடியும் அடைப்பு, இ-பாஸ் இல்லாமல் ஈ கூடப் போக முடியாது. வசூல் பையன்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், நம் ஆட்கள் இந்தப் பக்கம் நின்று கையை நீட்டிப் பணத்தைக் கொடுப்பார்கள். ரசீது? "சார்ஜ் இல்ல அண்ணா, மெஷின் வேலை செய்யல, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்." அப்படிக் கொடுத்த பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராமலே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் அந்த வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே எடுத்து வையுங்கள். பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போயிருந்தாலும், கம்பெனி ஆளாக வந்து வாங்கினான் என்று காட்ட முடிந்தால் அந்தப் பொறுப்பு கம்பெனியுடையது.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் போனில் வாதாடுவதை நிறுத்துங்கள். போனில் நீங்கள் ஆயிரம் முறை "கட்டிட்டேன்" என்று சொன்னாலும் அவனுடைய திரையில் ஓர் எழுத்து மாறாது. அவனுக்குக் கமிஷன் வசூலில்தான். அடுத்த போன் வரும்போது நான்கே கேள்வி: "உங்க பேரு என்ன, எந்த ஏஜென்சி, எந்தக் கம்பெனிக்காகப் பேசறீங்க, கடன் நம்பர் என்ன?" நான்கையும் எழுதிக்கொண்டு, "எதுவா இருந்தாலும் கம்பெனி லெட்டர்ல அனுப்புங்க" என்று வைத்துவிடுங்கள். இதற்கே பாதிப் பேர் நழுவுவார்கள். பதிவு செய்யும் வசதி இருந்தால் பதிவு செய்யுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நேரம் தெரியும்படி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எழுத்தில் போட்டிருக்கிறது. மிரட்டுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாவற்றுக்கும் அதிலேயே தடை இருக்கிறது. மளிகைக்கடைக்காரருக்குப் போன் செய்தது அப்படியே இதில் விழுகிறது. அவரிடம் அந்த எண்ணையும் நேரத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் சங்கடப்பட்டால், "உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடமாட்டேன் அண்ணா, ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஏஜென்சி செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கைகழுவ முடியாது என்பதும் அதே சுற்றறிக்கைதான்.

அடுத்தது சான்று. கட்டிய 24 தவணைக்கும் உங்கள் வங்கியிலிருந்து ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், 2019 செப்டம்பரிலிருந்து 2022 ஜனவரி வரை, வங்கி முத்திரையோடு. பழைய கணக்கு என்பதால் கொஞ்சம் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பழைய பதிவுகளை எந்த வங்கியும் காலத்துக்கும் வைத்திருக்காது, ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஆர். எண் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான தனி எண்) இருக்கும். கடையில் கொடுத்த வழவழப்பான ரசீது என்றால் இந்நேரம் எழுத்து மங்கியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், கொஞ்சமாவது தெரியும்.

பிறகு கம்பெனிக்கு ஒரு கடிதம். ஏஜென்சிக்கு வேண்டாம், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவருடைய பெயரும் மின்னஞ்சலும் கம்பெனியின் இணையதளத்திலும் கிளையின் சுவரிலும் இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். (பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள்.) வக்கீல் நடை தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"என் கடன் எண் இது. 2019 அக்டோபர் முதல் 2021 டிசம்பர் வரை 24 தவணைகளையும் கட்டிவிட்டேன். சான்றுகளை இணைத்திருக்கிறேன். 18,400 ரூபாய் பாக்கி என்று உங்கள் பெயரில் இந்த எண்களிலிருந்து இந்தத் தேதிகளில் அழைப்பு வந்தது. இந்தத் தேதியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என் அம்மாவை மிரட்டினார்கள். இந்தப் பாக்கியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்து இன்று வரையான முழுக் கணக்கு ஸ்டேட்மென்ட், கேட்கும் தொகை எப்படி வந்தது என்ற விவரம், அந்த ஏஜென்சிக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம் மூன்றையும் அனுப்புங்கள். பாக்கி இல்லை என்றால் நிலுவையில்லாச் சான்று கொடுங்கள். இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்."

'ஒப்புக்கொள்ளவில்லை' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். 'கொஞ்சம் பாக்கி இருக்கலாம்', 'பார்த்துக் கட்டுகிறேன்' என்று மரியாதைக்காக எழுதிவிடாதீர்கள், வாட்ஸ்அப்பில் கூட. நம் ஊர்ப் பண்பு சட்டத்தில் வேறு மாதிரி படிக்கப்படும். இங்கேதான் அந்த 5,000 ரூபாய் விஷயமும் வருகிறது.

கடனுக்கு வழக்குப் போடச் சட்டம் கொடுக்கும் காலம் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்குள் நீங்கள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, கையெழுத்தோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். காலம் முடிந்த பிறகும், "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தமாகவே நிற்கும். உங்கள் கடைசித் தவணை 2021 டிசம்பர். கோவிட் காலத்துக்காக 2022 பிப்ரவரி 28 வரை கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தால், 2025 மார்ச்சு தொடக்கத்தோடு அந்தக் காலம் முடிகிறது. இடையில் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர்களுக்கு வழக்குப் போட வலுவில்லை. அதனால்தான் போனும் ஆளும் வருகிறது, வழக்கு வரவில்லை. 5,000 கொடுத்து ஒரு 'செட்டில்மென்ட் பேப்பரில்' கையெழுத்துப் போட்டீர்களானால் செத்த கடனுக்கு நீங்களே உயிர் கொடுத்ததாகிவிடும். அதுவும் அவர்கள் பணம் அனுப்பச் சொன்னது யாருடைய ஜிபே எண்ணுக்கு என்று பார்த்தீர்களா? தனி ஆள் பெயர் வந்தால் அது கம்பெனி வசூலே இல்லை.

இதில் முழு மோசடியும் உண்டு. பழைய கடன் பட்டியல் எங்கிருந்தோ கைக்குக் கிடைத்து, கம்பெனிக்குத் தெரியாமலே சிலர் வசூல் செய்கிறார்கள். கடன் எண்ணும் பெயரும் சரியாகச் சொல்கிறான் என்பதால் நம்பிவிடக் கூடாது. ஓ.டி.பி. கேட்டாலோ லிங்க் அனுப்பினாலோ, பணமே போயிருந்தாலோ சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது மழுப்பலான பதில் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். சி.எம்.எஸ். என்ற அவர்களுடைய இணையதளத்தில் பதியலாம், 14448-இல் கேட்கலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், பொள்ளாச்சியா பாலக்காடா என்ற கேள்வியும் கிடையாது, நாடு முழுக்க ஒரே திட்டம். ஆனால் கம்பெனிக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்தக் கடிதமும் அது போய்ச் சேர்ந்த அத்தாட்சியும் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். வட்டிக்கடைக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இந்த வழி செல்லாது. சங்கம் என்றால் கூட்டுறவு உதவிப் பதிவாளரிடம் போக வேண்டும்.

போலீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "கடன் விவகாரம், சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்று எந்த ஸ்டேஷனிலும் முதலில் சொல்வார்கள். ஆகவே கடனைப் பற்றிப் பேசாதீர்கள், வீட்டில் நடந்ததைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை சொன்னார்கள், போகச் சொன்ன பிறகும் திண்ணையை விட்டு இறங்கினார்களா இல்லையா. மிரட்டலுக்குப் பாரதிய நியாய சம்ஹிதையில் (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 351, பயமுறுத்திப் பணம் பறிப்பதற்கு 308, வீட்டுக்குள் அத்துமீறுவதற்கு 329. "நான் கோர்ட்டு ஆளு", "ஸ்டேஷனிலிருந்து பேசறேன்" என்று பொய் சொல்லியிருந்தால் அரசு ஊழியராக நடித்ததற்கு 204. வந்தவர்கள் தமிழ்நாட்டு ஆட்கள், கம்பெனியும் அங்கே, அதனால் அங்கே போங்கள் என்று தட்டிக்கழித்தால், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயத்தில் அதுகூடத் தேவையில்லை, நடந்தது உங்கள் வீட்டுத் திண்ணையில். உங்கள் ஊர் எல்லைக்குட்பட்ட கேரள ஸ்டேஷனிலேயே கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். அந்தப் பக்கம் பிராது என்பார்கள், இந்தப் பக்கம் பராதி என்பார்கள், எதுவானாலும் ரசீது ரசீதுதான்.

மலையாளத்தில் எழுத வராது என்று தயங்குகிறவர்கள் இங்கே நிறைய. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம் என்று சொல்லிவிட்டது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும். நடைமுறையில் முகம் சுளிப்பார்கள். நான் தமிழில் எழுதி, அடியில் நாலு வரி மலையாளச் சுருக்கம் சேர்த்துக் கொடுப்பேன். வேலை சீக்கிரம் நடக்கும்.

நுகர்வோர் ஆணையம் என்று ஒன்று உண்டு. 2019 சட்டத்துக்கு முன்னால் கம்பெனி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ ஓட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது பாலக்காட்டில். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆம்புட்ஸ்மேனில் முடியவில்லை என்றால் மட்டும் இதற்குப் போங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி நோட்டீஸ். ஆட்கள் வந்து பயனில்லை என்றால் காகிதம் வரும். எல்லாக் காகிதமும் ஒன்று கிடையாது, இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் என்றால் வக்கீலின் கடிதம், அவ்வளவுதான். மேலே எழுதியதையே பதிலாக அனுப்புங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸ் பார்க்கக் கோர்ட் சம்மன் மாதிரியே முத்திரையோடு இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே சமரசத்துக்குக் கூப்பிடுவது அது. போகாவிட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு ஆகிவிடாது, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். போகலாம், போய் உங்கள் ரசீதுகளைக் காட்டலாம். ஆனால் அங்கே ஒரு நல்ல மனிதர் "18,000 கேக்கறாங்க, 6,000-ல முடிச்சுக்கோங்க, எதுக்குத் தம்பி அலைச்சல்" என்பார். மண்டபம் முழுக்கக் கூட்டம், மத்தியான வெயில், எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் போட்டுவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அடைத்த கடனை இரண்டாம் முறை அடைக்கச் சட்டப்படி ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வீட்டுக்கு ரசீதோடு வந்த ஒருவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

இதற்கு நேர் எதிர், கோர்ட்டுக்கு வெளியே ஒரு நடுவர் வழக்கைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனுக்கான நோட்டீஸ். அது ஏதோ சென்னை முகவரியிலிருந்து ஒரு தனி வக்கீலின் தாளில் சாதாரணமாக வரும். வேண்டாத கடிதம் என்று தூக்கி மச்சில் போட்டுவிடுவோம். அதைத்தான் போடவே கூடாது. நீங்கள் வராமலேயே அந்த நடுவர் உத்தரவு போட்டுவிடலாம், அது கோர்ட் டிக்ரி மாதிரி அமலாகும், எதிர்க்க மூன்று மாதமும் அதற்கு மேல் ஒரு முப்பது நாளும்தான் நேரம். கடன் கொடுத்தவரே தன் இஷ்டத்துக்குத் தனி ஆர்பிட்ரேட்டரை நியமிக்கக் கூடாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபணையையும், கடன் அடைந்துவிட்டது என்பதையும் எழுதி உடனே அனுப்புங்கள்.

செக் நோட்டீஸ் வந்தால் அதற்கும் பதில் கட்டாயம். கடன் வாங்கும்போது தேதி போடாமல் கொடுத்த செக்கை இப்போது வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்ப வைத்திருப்பார்கள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் கணக்கு ஓடும். கடனை அடைத்த பிறகு, அடைத்த தொகைக்கும் சேர்த்து அந்தச் செக்கைப் போட முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதை நீங்கள் சொன்னால்தான் தெரியும். இந்த இரண்டு நோட்டீசுக்கும் மட்டும் வக்கீலிடம் போங்கள். கையில் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணி ஆணையம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.

"உங்க கடனை நாங்க வாங்கிட்டோம், இனி நாங்கதான் ஓனர்" என்று வேறொரு கம்பெனி பேசினால் பயப்பட ஒன்றுமில்லை. கடனை வாங்குகிறவன் அதிலிருக்கும் குறையையும் சேர்த்தே வாங்குகிறான். விற்ற விவரம் உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பழைய கம்பெனியிடம் நீங்கள் கட்டியதெல்லாம் செல்லும். ஒன்றுமில்லாத கணக்கை வாங்கியிருந்தால் அவன் கையிலும் ஒன்றுமில்லை. விற்பனைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

மகளிர் குழுக்கடன் எடுத்த அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. மைக்ரோ ஃபைனான்ஸுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9-லிருந்து மாலை 6 வரைதான். பேசிவைத்த இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். கட்டிய ஒவ்வொரு தவணையையும் கடைசியில் கடன் முடிந்ததையும் உங்கள் அட்டையில் பதிந்து தர வேண்டும். அட்டையைத் 'திருப்பிக் கொடுங்க' என்று கேட்டு வாங்கிப்போனால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் கந்து வட்டி, இந்தப் பக்கம் அதற்குப் பெயர் பிளேடு. அதற்கு இரண்டு மாநிலத்திலும் தனிச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் 2003, கேரளத்தில் 2012. அது வேறு கதை, இந்தப் பதிலில் அடங்காது. புரோ நோட்டைக் கையில் திருப்பி வாங்கிக் கிழிக்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பது மட்டும் இப்போதைக்கு.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் கடன் அதில் 'குளோஸ்டு' என்று இருந்தால் அதை அச்சிட்டுக் கடிதத்தோடு சேருங்கள். பாக்கி இல்லை என்று அவர்களே சொன்ன மாதிரி. 'ஓவர்டியூ' (கெடு தாண்டிய பாக்கி), 'ரிட்டன் ஆஃப்' (வராத கடன் என்று எழுதித் தள்ளியது) என்று இருந்தால் அங்கேயே தகராறு பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஸ்டேட்மென்ட் வந்து, நான் சந்தேகப்பட்ட மாதிரியே அந்த மூன்று மாத வட்டி உண்மையாகவே நிற்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? என்னைக் கேட்டால், வழக்குப் போடும் காலம் கடந்திருந்தாலும் அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தைக் கட்டிவிடுங்கள் என்பேன். வண்டியின் ஆர்.சி.யில் கம்பெனி பெயர் இருக்கும்வரை உங்களால் வண்டியை விற்க முடியாது, என்.ஓ.சி. அவர்கள் கையில். ஆனால் இந்தத் தொகை கட்டினால் கணக்கு முடியும், என்.ஓ.சி. தருகிறோம் என்று கம்பெனியின் கடிதம் முதலில் வர வேண்டும். பணம் கம்பெனியின் கடன் கணக்கில் நேராகப் போக வேண்டும். அபராதம், விசிட் சார்ஜ் எதற்கும் ஒரு பைசா கிடையாது. என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்ததும் ஆர்.டி.ஓ.வில் பெயரை எடுத்துவிடுங்கள். வங்கியில் அந்தத் தவணைக்கு ஓடிக்கொண்டிருந்த நாச் மேண்டேட் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) இன்னும் இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு கடன் அடைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பிடி உண்டு: 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். உங்களுக்கு அது பொருந்தாது, உங்கள் தங்கைக்கோ நண்பருக்கோ உதவும்.

இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவிடம், அடுத்த தடவை யாராவது வந்தால் கதவைத் திறக்காமல் ஜன்னலிலிருந்தே "கார்டும் லெட்டரும் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம், தண்ணீர் கேட்டாலும் வெளித்திண்ணையில் வைத்தால் போதும். சத்தம் போட்டால் 112.

கடிதத்தை எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள். தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.